ஆயில் குடித்த எஞ்சினும் இரண்டு பத்திக் கணக்கும்

என் கார் 900 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் குச்சியையும் இழுத்துப் பார்ப்பது வழக்கமாகி, டிக்கியில் எந்நேரமும் இரண்டு ஆயில் டப்பாக்கள் உருண்டுகொண்டிருந்தன. சிக்னலில் நின்று கிளம்பினால், பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வது கண்ணாடியில் தெரியும். அவர்களிடம் இறங்கி மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூடச் சில நாட்கள் தோன்றியது. 1.3 லிட்டர், நான்கு சிலிண்டர், பெட்ரோல் எஞ்சின். ஓடோமீட்டர் 2,87,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது.

கேட்டவர்களெல்லாம் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, வந்த விலைக்குத் தள்ளிவிடு. இன்னொன்று, வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய ஓடிய எஞ்சினை வாங்கி மாட்டு. இரண்டாவது வழியில் எனக்கு ஒரு சங்கடம். அந்த எஞ்சினின் சரித்திரம் யாருக்கும் தெரியாது. என் எஞ்சினின் பாவங்களோ எனக்கு மனப்பாடம். அது என்றைக்கு ஒருமுறை கொதித்தது, எத்தனை தடவை ஆயில் மாற்றாமல் தள்ளிப்போட்டேன் என்பதெல்லாம் தெரிந்த பிறகு, முகம் தெரியாத ஒன்றை வீட்டுக்குள் அழைத்து வர மனம் ஒப்பவில்லை. முழு வேலையையும் ஒரு பட்டறையிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்தேன். அவர்கள் சொன்ன தொகைக்கு இதே மாதிரி இன்னொரு காரே வாங்கலாம்.

நான் மெக்கானிக் இல்லை. கணக்கு எழுதிப் பிழைப்பவன். அதுவரை என் கை பட்டது பிரேக் ஷூ, வாட்டர் பம்ப், ஒரு தடவை டைமிங் பெல்ட், அவ்வளவுதான். ஆனால் கையில் பணம் இல்லாதபோது அதை எங்கே செலவழிப்பது என்று பார்ப்பது என் தொழில். ஆகவே ஸ்பானரைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நடுவே கோடு போட்டேன். இடது பத்தி: எஞ்சினை மறுபடி பிரித்தால்தான் தொட முடியும் என்கிற சாமான்கள். வலது பத்தி: எஞ்சின் வண்டியில் இருக்கும்போதே ஒரு சாயங்காலத்தில் மாற்றிவிடக்கூடியவை. பிஸ்டனைச் சுற்றிய ரிங், பேரிங், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் பின்பக்க சீல், ஆயில் பம்ப், எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டின் போல்ட், கிளட்ச் பிளேட் எல்லாம் இடது பக்கம். ஆல்டர்னேட்டர் கார்பன், ரேடியேட்டர் குழாய், சைலன்சர் பக்கத்து கேஸ்கெட், எஞ்சின் மவுண்ட் ஆகியவை வலது பக்கம். இடது பத்தியில் கஞ்சத்தனம் கூடாது. வலது பத்தியில் எவ்வளவு வேண்டுமானாலும் கஞ்சனாக இருக்கலாம். பத்து வார இறுதிகளும் சில இரவுகளும் இந்த ஒரு கோடுதான் என்னை வழிநடத்தியது. புத்தம்புது ரப்பர் குழாய் பளபளவென்று கண்ணில் படும்போதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொள்வேன்.

பிரிப்பதற்கு முன்னால் நோய் என்னவென்று தெரிய வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு கொத்து நீலப் புகை வந்து அடங்கிவிட்டால், பெரும்பாலும் வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் போயிருக்கும். ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் புகைத்தால் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். என்னுடையது இரண்டையும் செய்தது. சீலை மட்டும் மாற்றிப் பார்ப்போமே, அது சுலபமாயிற்றே என்று ஆசை தடுமாறிக்கொண்டிருந்தது. அந்த ஆசையை அடக்கியது, சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் ஒரு கம்ப்ரஷன் கேஜ்.

எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோலும் நெருப்பும் வராமல் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் விட்டால் போதுமான காற்று உள்ளே போகாது. நல்ல எஞ்சின்கூட நோயாளி மாதிரி எண் காட்டும். எனக்குக் கிடைத்தவை 12.1, 11.8, 7.9, 11.5 பார். மூன்றாவது சிலிண்டர் படுத்துவிட்டது. அதற்குள் ஒரு தேக்கரண்டி ஆயிலை ஊற்றி மறுபடி சுற்றினேன். 10.8 வந்தது. ஆயில் ரிங்கைச் சுற்றி நின்று ஓட்டையை அடைத்ததால் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பொருள். வால்வு சரியாக மூடாமல் இருந்திருந்தால் ஆயில் ஊற்றியும் எண் அசைந்திருக்காது. சீலை மட்டும் மாற்றியிருந்தால் பணமும் போய், புகையும் அப்படியே நின்றிருக்கும்.

எஞ்சினை இறக்கிய கதையை நீட்டப் போவதில்லை. வாடகைக்கு ஒரு செயின் பிளாக் எனும் சங்கிலிக் கப்பி, நிறைய புகைப்படங்கள், ஒவ்வொரு ஒயர் முனையிலும் எண் எழுதிய காகிதத் துண்டு. தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கையையோ காலையோ நீட்டக் கூடாது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். போல்ட்டுகளுக்கு ஒரு தந்திரம் கைகொடுத்தது. எந்த மூடியைக் கழற்றுகிறோமோ அதன் உருவத்தை அட்டையில் வரைந்து, போல்ட் இருந்த இடத்திலேயே ஓட்டை போட்டுச் செருகி வைத்தேன். ஒரே மூடியில் மூன்று நீளத்தில் போல்ட்டுகள் இருக்கும். நீளமானதைக் குட்டை ஓட்டையில் போட்டு முறுக்கினால் எஞ்சினின் உடலான பிளாக் விரிசல் விடும்.

அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைத் திறந்ததும் முதல் அதிர்ச்சி. ஆயிலை உறிஞ்சும் குழாயின் வலையில் பாதி மூடிக் கிடந்தது. கரி என்று நினைத்து விரலால் தடவினால் ரப்பர் மாதிரி பிய்ந்து வந்தது. சிலிக்கோன் பேஸ்ட். என்றோ ஒருநாள் யாரோ சம்ப்பை ஒட்டும்போது தாராளமாகப் பூசியிருக்கிறார்கள். வெளியே வழிந்தது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். உள்ளே அதே அளவு வழிந்ததை யார் பார்த்தார்கள்? அது உதிர்ந்து, ஆயிலோடு சுற்றி, வலையில் வந்து அப்பிக்கொண்டது. ஆயில் விளக்கு சில சமயம் மினுக்கியது பேரிங் தேய்ந்ததால் மட்டும் அல்ல என்று அப்போதுதான் புரிந்தது. பேஸ்ட்டை நூல் அளவுக்குப் பூசினால் போதும் என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தேன்.

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிமூடிகளைக் கழற்றுமுன் எண் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஒவ்வொரு மூடியும் அதனதன் ராடோடு சேர்த்துக் கடையப்பட்டது. இடம் மாற்றினாலோ திருப்பிப் போட்டாலோ அந்த வட்டம் வட்டமாக இருக்காது.

மூன்றாவது பிஸ்டனை வெளியே எடுத்த நிமிடம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நல்ல பிஸ்டனில் ரிங்கை நகத்தால் தொட்டால் அதன் பள்ளத்துக்குள் தாராளமாக ஆடும். இதில் மேல் ரிங் மட்டும் ஆடியது. இரண்டாவது பாதி வட்டத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவதான ஆயில் ரிங்கைக் காணவில்லை. அதாவது இருந்தது, ஆனால் பள்ளம் எது, ரிங் எது என்று பிரித்தறிய முடியாதபடி தார் பூசியதுபோல் கரி மூடியிருந்தது. அந்தப் பள்ளத்தின் அடியில் சின்னச் சின்னத் துளைகள் இருக்க வேண்டும். சுவரிலிருந்து ரிங் வழித்தெடுக்கும் ஆயில் அந்தத் துளைகள் வழியாகத்தான் பிஸ்டனுக்கு உள்ளே விழுந்து சம்ப்புக்குத் திரும்பும். ஒரு துளைகூடத் தெரியவில்லை. வழித்த ஆயில் போக இடமில்லாமல் மேலேறி எரிந்திருக்கிறது. தள்ளிப்போட்ட ஆயில் மாற்றங்கள் எல்லாம் அந்தக் கரியில் வரிசையாகக் கிடந்தன. மற்றவர்மேல் பழி போட வழியே இல்லை.

அடுத்தது அளவெடுக்கும் வேலை. மைக்ரோமீட்டரும், சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜும் இரவல். நான் அளவு சொல்ல, மகள் எழுதினாள். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என மூன்று உயரம். ஒவ்வொரு உயரத்திலும் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று. மொத்தம் 24 எண்கள். இரண்டாவது சுற்றில் அவள் பேனாவை வைத்துவிட்டாள்.

"அப்பா, போன தடவை இதே இடத்தில் 74.04 என்றீர்கள். இப்போது 74.03 என்கிறீர்கள். எதை எழுதுவது?"

நியாயமான கேள்வி. மைக்ரோமீட்டரை வெகுநேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்ததால் இரும்பு சூடேறிப் பெருத்திருந்தது. நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் ஏமாற்ற உள்ளங்கைச் சூடு போதும். அதன்பிறகு ஒரு துணியால் பிடித்து, ஒவ்வோர் இடத்தையும் மூன்று தடவை அளந்து, மூன்றும் ஒத்துப்போனால் மட்டுமே எழுதுவது என்று முடிவானது. தணிக்கையாளர்களை நான் பார்த்திருக்கிறேன்; அவளைப்போல் ஒருவர் என் அலுவலகத்துக்கு வராதவரை நல்லது.

புதிதில் 74.00 இருக்க வேண்டிய விட்டம், ரிங் எட்டாத அடிப்பகுதியில் எல்லாவற்றிலும் ஏறக்குறைய 74.01. மேலே, ரிங் திரும்பும் இடத்தில், மூன்று சிலிண்டர்களில் 74.04. மூன்றாவதில் 74.07. தேய்மானம் எப்போதும் மேலேதான் அதிகம். வெடிப்பின் அழுத்தமும் சூடும் உச்சத்தில் இருக்கும் இடம் அது. பிஸ்டன் அங்கே ஒரு கணம் நின்று திரும்புவதால் ஆயில் படலமும் கிழிந்துவிடுகிறது. பக்கவாட்டில் ராட் சாய்ந்து தள்ளும் பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேயும். கையேடு அனுமதித்த ஏற்றத்தாழ்வு 0.10 மில்லிமீட்டர். மூன்றாவது சிலிண்டரில் 0.06. எல்லைக்கு உள்ளேதான், ஆனால் எல்லையின் வாசல் அங்கிருந்து தெரிகிறது.

இங்கேதான் பணம் இரண்டாகப் பிரிகிறது. பிளாக்கைக் கடைந்து 0.25 பெரிதாக்கி, நான்கு புதுப் பிஸ்டன்கள் போட்டால் எஞ்சின் மறுபிறவி எடுக்கும். சுவரைக் கல்லால் லேசாகக் கீறிவிடும் ஹோனிங் மட்டும் செய்து, பழைய பிஸ்டனில் புது ரிங் போட்டால் செலவு அதில் சிறு பங்கு. நான் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டேன். விட்டம் 0.06 கூடினால் சுற்றளவு அதைப்போல் மூன்றேகால் மடங்குக்குச் சற்றுக் குறைவாக, 0.19 கூடும். அந்த 0.19 முழுவதும் ரிங்கின் வாயில், அதாவது அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள பிளவில்தான் வந்து சேரும். கீழே 0.25 இடைவெளியோடு இருக்கும் புது ரிங், மேலே போகும்போது 0.44 ஆகத் திறக்கும். கையேடு 0.7 வரை பொறுத்துக்கொள்கிறது. ஆகவே ஓடும். ஆனால் நிமிடத்துக்கு 3000 சுற்றில் அந்த ரிங் ஒவ்வொரு நிமிடமும் 3000 தடவை விரிந்து சுருங்க வேண்டும். புது எஞ்சினில் அதற்கு இந்தக் கூலிவேலை கிடையாது. அதன் ஆயுள் குறையும் என்பது கணக்கிலேயே எழுதியிருந்தது.

லேத் பட்டறைப் பெரியவரிடம் பிளாக்கையும் நோட்டையும் கொண்டுபோய் வைத்தேன். அவர் நோட்டைத் தொடவில்லை. ஆள்காட்டி விரல் நகத்தைச் சிலிண்டரின் மேல்விளிம்பில் வைத்து மெல்ல இழுத்தார். பிறகு போர் கேஜை எடுத்து அளந்தார். பிறகுதான் நோட்டைப் பார்த்தார்.

"கடையச் சொன்னால் கடைந்து தருகிறேன் தம்பி, எனக்கும் கூலி வரும். இந்த வண்டி இன்னும் எவ்வளவு ஓட வேண்டும்?"

"ஒரு லட்சம் ஓடினால் போதும் ஐயா."

"அப்படியென்றால் விளிம்பை எடுத்து, ஹோனிங் போடுங்கள். கடைகிற காசுக்குக் கிராங்கையும் ஹெட்டையும் பாருங்கள்."

விளிம்பு என்று அவர் சொன்னது, மேல் ரிங் எட்டாமல் தேயாமல் நின்றுபோன மெல்லிய படியை. பழைய ரிங்கின் முனை மழுங்கியிருப்பதால் அந்தப் படியில் இடிக்காது. புது ரிங்கின் கூர்முனை நேராகப் போய் அதில் மோதும், உடையவும் கூடும். இது எனக்குத் தெரியாது. என் நோட்டின் எந்தப் பத்தியிலும் அது இல்லை. கிராங்கில் கீறல் இல்லை, மெருகு போதும் என்றார். ஹெட்டின் அடிப்பகுதி நடுவில் 0.08 வளைந்திருந்தது, அந்தப் பழைய கொதிப்பின் நினைவுச்சின்னம். 0.05-க்கு மேல் போனால் சீவ வேண்டும். சீவினார்கள். மொத்தச் செலவில் பாதிக்குச் சற்றுக் குறைவு அந்தப் பட்டறையில்தான் போனது. ஒரு காசுகூட வீண் என்று தோன்றவில்லை.

ஹோனிங் போட்ட சுவரை வெளிச்சத்தில் பார்த்தால் சாய்சதுரக் கோடுகள் பின்னிக் கிடக்கும். அந்தக் கீறல்களில்தான் ஆயில் தங்கும். புது ரிங் அவற்றின் முகடுகளில் உரசித்தான் சுவரோடு பழகும். ஆனால் அதே கீறல்களில் ஹோனிங் கல்லின் தூளும் தங்கும். பெட்ரோல் விட்டுத் துடைத்தேன், கண்ணுக்குச் சுத்தம். வெள்ளைத் துணியை ஆயிலில் நனைத்துத் தேய்த்தேன், சாம்பல் நிறத்தில் வந்தது. பெட்ரோல் பிசுக்கைக் கரைத்துக்கொண்டு போகிறது, தூளை அங்கேயே விட்டுவிடுகிறது. வெந்நீர், சோப்பு, நார் பிரஷ். ஐந்து தடவை தேய்த்துக் கழுவினேன். நான்காவது தடவைகூடத் துணி சாம்பல்தான். வெள்ளையாக வந்ததும் மூச்சு விடக்கூட நேரமில்லை. ஈரம் காய்வதற்குள் இரும்பு செம்மண் நிறத்துக்குத் திரும்ப ஆரம்பிக்கிறது, உடனே ஆயில் பூச வேண்டும். இந்த ஒரு வேலைக்கு ஒரு முழு நாள் போனது. எஞ்சின் வேலை என்றால் முக்கால்வாசி பாத்திரம் கழுவுவதுதான் என்று யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

பிஸ்டன் பள்ளங்களில் இறுகிய கரியைச் சுரண்ட நான் எதுவும் வாங்கவில்லை. உடைத்த பழைய ரிங் துண்டே போதும். அந்தப் பள்ளத்துக்கென்று அளவெடுத்துச் செய்தது அல்லவா அது? இரண்டு நாள் கரைப்பானில் ஊறவைத்து, துண்டால் சுரண்டி, துளைகளைச் சிறிய ட்ரில் பிட்டைக் கையாலேயே திருகித் திறந்தேன். கம்பி பிரஷைச் சுழலவிட்டால் பத்து நிமிட வேலை. அலுமினியப் பள்ளத்தின் ஓரமும் கூடவே போய்விடும்.

கிராங்கை உட்கார வைத்த இரவு அமைதியாகப் போனது. புதுப் பேரிங்கில் கிராங்கை வைத்து, அதன்மேல் பிளாஸ்டிகேஜ் எனும் மெழுகு நூலைக் கிராங்கின் நீளவாக்கில் கிடத்தி, மூடியைப் போட்டு, டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு முறுக்கி, மறுபடி கழற்ற வேண்டும். இடையில் கிராங்க் ஒரு மயிரிழைகூடத் திரும்பக் கூடாது. கழற்றினால், நசுங்கிய நூல் ஒரு பச்சை நாடாபோல் இரும்பில் ஒட்டிக் கிடக்கும். அதன் அகலத்தைக் காகிதப் பட்டையில் அச்சிட்ட கோடுகளோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். 0.038. முதலிலிருந்து கடைசிவரை ஒரே அகலம். கனெக்டிங் ராட் நான்கிலும் அப்படியே. அதிக விலை பெறாத ஒரு மெழுகுத் துண்டு, எஞ்சினின் இரத்த அழுத்தம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இந்த வேலையில் நான் வாங்கியதிலேயே மிகச் சிறந்த பொருள் அதுதான்.

ரிங் மாட்டியதில்தான் சறுக்கினேன். மூன்று பிஸ்டன்கள் உள்ளே போய்விட்டன. நான்காவதற்கு இரண்டாவது ரிங்கை எடுத்து, அதன் முனைக்கு அருகில் இருக்கும் புள்ளி மேலே பார்க்க வைத்தபோது, கை நின்றுவிட்டது. இரண்டாவது பிஸ்டனில் அந்தப் புள்ளியைப் பார்த்தேனா? முதலாவதில் பார்த்தது நினைவிருக்கிறது. மூன்றாவதிலும் பார்த்தேன். இரண்டாவதை மாட்டும்போது தொலைபேசி அடித்தது, அது மட்டும்தான் நினைவில் இருக்கிறது. இரவு பதினொன்றரை. சரியாகத்தான் இருக்கும் என்று மனம் தன் கட்சிக்கு வாதாடியது. அந்த ரிங்கின் விளிம்பு லேசாகச் சாய்வாக இருக்கும். நேராகப் போட்டால் இறங்கும்போது ஆயிலைக் கீழே வழிக்கும், தலைகீழாகப் போட்டால் ஏறும்போது ஆயிலை மேலே ஏற்றும். எல்லாம் முடித்துத் திறந்தால் பழைய குருடி கதவைத் திறடி என்று அதே நீலப் புகை.

கழற்றினேன். புள்ளி கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றிரவு அதற்குமேல் எதையும் தொடவில்லை. மறுநாள் மகள் ஒரு தாளில் பிஸ்டன் வாரியாகக் கட்டம் போட்டுக் கொடுத்தாள்: புள்ளி, வாய் இடைவெளி, மூன்று ரிங் வாய்களும் ஒரே நேர்கோட்டில் வராமல் விலகியிருக்கின்றனவா, ராட் திசை, மூடி எண். நான் வாயால் சொல்ல வேண்டும், அவள் எட்டிப் பார்த்துவிட்டு டிக் போடுவாள். முதல் பிஸ்டனிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் பார்த்தோம். மற்றவை சரியாகவே இருந்தன.

ஹெட்டுக்கு வால்வு ஸ்பிரிங் அழுத்தும் கருவி தேவை. வாங்கவில்லை. ஒரு பெரிய சி கிளாம்ப்பின் வாயில், பக்கவாட்டில் ஜன்னல் வெட்டிய குழாய்த் துண்டைப் பற்றவைத்துக்கொண்டேன். ஜன்னல் வழியாகக் காந்தத்தால் பூட்டுகளை எடுக்கலாம். பதினாறு வால்வுகளையும் தேய்ப்பதற்கென்றே உள்ள கரகரப்பான பேஸ்ட் தடவி, குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டித் தேய்த்தேன். முதலில் கரகரவென்று கேட்கும் சத்தம் மெல்ல மெல்ல மழுங்கி, மாவாட்டுவது போலாகும்போது நிறுத்த வேண்டும். பிறகு துவாரங்களில் மண்ணெண்ணெய் ஊற்றி அரை மணி நேரம் காத்திருந்தேன். ஒரு வால்வில் மட்டும் ஓரத்தில் ஈரம் கசிந்தது. அதை மறுபடி தேய்த்தேன். புது சீல்கள் கேஸ்கெட் பெட்டியோடு வந்தவை.

ஹெட் போல்ட்டுகளைப் புதிதாக வாங்கினேன். என் எஞ்சினில் பழையதையே போடலாம் என்று கையேடு அனுமதிக்கிறது. ஆனாலும் இது இடது பத்தி. கோண அளவில் முறுக்கும் வகை போல்ட் என்றால் யோசிக்கவே வேண்டாம், அது ஒருமுறை இழுபட்டால் இழுபட்டதுதான். போடுமுன் பிளாக்கில் உள்ள ஓட்டைகளை ஊதிக் காயவைத்தேன். அடைபட்ட ஓட்டையில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அது போக வழியில்லாமல் இரும்பையே பிளந்துவிடும். நடுவிலிருந்து தொடங்கி வெளியே சுற்றிச் சுற்றி, மூன்று தவணையில் முறுக்கினேன்.

டைமிங் பெல்ட் மாட்டி, குறிகளைப் பொருத்தி, பெரிய ஸ்பானரால் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். பிஸ்டனும் வால்வும் மோதினால் கைக்குத் தெரியும்; ஸ்டார்ட்டருக்குத் தெரியாது, அது பாட்டுக்கு வளைத்துவிட்டுப் போகும். குறிகள் திரும்பவும் அதே இடத்தில் வந்து நின்றன.

எஞ்சின் வண்டிக்குள் ஏறியது. பிளக்குகள் இல்லாமல், பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றினேன். முதல் தடவை ஆயில் விளக்கு எரிந்தபடியே இருந்தது. இரண்டாவது தடவையும். மூன்றாவது தடவை, ஏழெட்டு விநாடியில் அணைந்தது. அப்போது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைப் பின்னால் எஞ்சின் ஓடியதுகூடத் தரவில்லை.

ஓடியது. முதலில் மூன்று சிலிண்டரில் இருமிக்கொண்டு, பிறகு நான்கிலும். பயங்கரமாகப் புகைந்தது. மகள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்க்கவில்லை. பொருத்தும்போது பூசிய ஆயிலும், சைலன்சருக்குள் இத்தனை காலம் சேர்ந்ததும் எரிந்து தீர வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் வயிறு கலங்கியது. இருபது நிமிடத்தில் மெலிந்து நின்றது.

புது ரிங்கை ஐடிலில் விட்டுக் கொஞ்சிக்கொண்டிருக்கக் கூடாது. வெடிப்பின் அழுத்தம் ரிங்கின் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு தள்ளினால்தான் அது உட்காரும். கசிவு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு உடனே சாலைக்கு எடுத்துப் போய், மூன்றாம் கியரில் 2000 சுற்றிலிருந்து 4000 வரை நிதானமாக இழுத்து, காலை எடுத்துவிட்டு வேகம் தானாகக் குறையவிட்டு, மறுபடி இழுத்தேன். இப்படிப் பதினைந்து தடவை. 80 கிலோமீட்டரில் ஆயிலை வடித்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தால் மீன் செதில் போல மினுமினுத்தது. ஃபில்டரை அறுத்துப் பிரித்துப் பார்த்தேன். மாவுபோல் நுண்ணிய தூள் மட்டும், நகத்தில் தட்டுப்படும் அளவுக்குச் செதில் எதுவும் இல்லை. 1000 கிலோமீட்டரில் மறுபடி வடித்தபோது மினுமினுப்பு இல்லை.

இப்போது 1,500 ஓடியிருக்கிறது. நான்கு சிலிண்டர்களும் 12.6, 12.5, 11.9, 12.4. மூன்றாவது இன்னும் கடைசி பெஞ்சுதான், ஆனால் வகுப்பில் இருக்கிறது. கடைசி ஆயில் மாற்றத்துக்குப் பிறகு குச்சியில் அளவு இறங்கியதாகத் தெரியவில்லை. குளிர்ந்த எஞ்சினில் அரை நிமிடத்துக்கு ஒரு மெல்லிய தட்டல் கேட்கிறது. தேய்ந்த பிஸ்டன் பெரிய சிலிண்டரில் ஆடும் சத்தம் அது, சூடேறியதும் அடங்கிவிடும். அதற்குச் சம்மதித்துத்தான் பிஸ்டன் வாங்காமல் விட்டேன்.

இன்னொரு சத்தமும் இருக்கிறது. சைலன்சர் பக்கத்திலிருந்து டிக், டிக், டிக். அங்கே பழைய கேஸ்கெட்டையே துடைத்துத் திரும்பப் போட்டேன். அது ஊதுகிறது. நோட்டில் தேடிப் பார்த்தேன், வலது பத்தியில் மூன்றாவது வரி. எட்டு நட்டு, ஒரு சாயங்காலம். கேஸ்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். நட்டுகளில் துருவை இளக்கும் எண்ணெயை நேற்றே அடித்துவிட்டேன்.